எஞ்சின் கேட்டு வாங்கிய நிலையங்கள்

எங்கள் பக்கத்து ரயில் நிலையங்கள் ஊருக்காக வந்தவை. விருதுநகரிலிருந்து தென்காசி போகும் பாதையில் திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று எதை எடுத்தாலும் முதலில் ஊர், பிறகுதான் ஸ்டேஷன். கோயிலும் சந்தையும் தெருவும் இருந்த இடத்துக்கு ரயில் தேடி வந்து நின்றது. நீலகிரி மலை ரயிலில் இது தலைகீழ். மேட்டுப்பாளையம் தாண்டினால் குன்னூர் வரை கல்லார், அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி என்று ஐந்து நிலையங்கள். ஐந்தும் முதலில் எஞ்சினுக்காக, மனிதருக்காக அப்புறம்தான். எங்கே அதற்குத் தண்ணீர் வேண்டுமோ, எங்கே எதிர்வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டுமோ, எங்கே பல்தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறத் தொடங்க வேண்டுமோ, அங்கங்கே ஒரு கட்டடம், ஒரு பிளாட்பாரம், ஒரு பெயர்ப்பலகை.

மலை ரயிலில் போகிறவர்கள் சுரங்கம் வந்தால் கத்துகிறார்கள், பள்ளத்தாக்கு வந்தால் செல்போனை நீட்டுகிறார்கள், வண்டி நின்றதும் "எப்போ கிளம்பும்" என்று கேட்கிறார்கள். வண்டி நிற்கும் நேரம்தான் அந்த ரயிலின் சாரம் என்று நான் நினைக்கிறேன். ஓடும்போது எஞ்சின் கண்ணுக்குப் படுவதில்லை, அதன் சத்தமும் புகையும்தான் வருகின்றன. நிலையத்தில்தான் அதன் பக்கத்தில் போய் நிற்க முடியும், அதற்கு என்ன வேண்டியிருக்கிறது என்று பார்க்க முடியும். ஒரு கலைஞரை மேடையில் பார்ப்பதைவிடச் சாதகம் செய்யும்போது பார்ப்பதற்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

விருதுநகர், சிவகாசிக்காரர்களுக்கு மலையேறும் ரயில் புதிதல்ல. 1927-ல் விருதுநகர்–தென்காசி மீட்டர் கேஜ் பாதை வந்தது. கொல்லம் மெயில் எங்கள் ஊர்கள் வழியாகச் செங்கோட்டை போய், பின்னால் இன்னொரு எஞ்சினை மாட்டிக்கொண்டு, ஆரியங்காவு, தென்மலை என்று மலையைக் கடந்தது. கழுத்துருட்டியில் பதின்மூன்று கண்ணறைப் பாலத்தின் மேல் வண்டி வளைவதைப் பார்க்க ஜன்னலோரத்துக்குச் சண்டை நடக்கும். பிறகு எங்கள் பாதை அகலப் பாதையானது. செங்கோட்டை–புனலூர் மலைப்பகுதியையும் 2010-ல் மூடி, 2018-ல் அகலப் பாதையாகத் திறந்தார்கள். வியாபாரத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் அது வேண்டியிருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். பாலம் இன்னும் அங்கேதான் நிற்கிறது. ஆனால் நீராவி எஞ்சின் மலையேறும் காட்சி வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் மிச்சமிருப்பது மேட்டுப்பாளையம்தான். சில ஆண்டுகளாகத் திருநெல்வேலியிலிருந்து தென்காசி, சிவகாசி, விருதுநகர், பழனி, பொள்ளாச்சி வழியாக மேட்டுப்பாளையத்துக்கு ஒரு வாராந்தரச் சிறப்பு ரயிலும் விட்டுப் பார்த்தார்கள். எங்கள் ஊர்ப் பிளாட்பாரத்தில் மேட்டுப்பாளையம் என்ற பெயரை அறிவிப்பில் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

நீலகிரி மலைப் பாதை ஒரே மூச்சில் வந்ததில்லை. 1854-லேயே பேச்சு தொடங்கிவிட்டது. 1882-ல் ஸ்விட்சர்லாந்தின் ரிகி மலை ரயிலை உருவாக்கிய ரிகன்பாக் நீலகிரிக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார். 1891-ல் மண் வெட்டினார்கள். முதலில் எடுத்த கம்பெனி நொடித்துப்போய், இன்னொரு கம்பெனி கையில் எடுத்து, 1899 ஜூனில் குன்னூர் வரைக்கும் வண்டி ஓடியது. ஊட்டிக்குப் போய்ச் சேர 1908 அக்டோபர் ஆகிவிட்டது. மொத்தம் 46 கிலோமீட்டர். 208 வளைவு, 16 சுரங்கம், 250 பாலம். 2005-ல் யுனெஸ்கோ இதை டார்ஜிலிங் ரயிலோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இவ்வளவும் எல்லாப் பலகைகளிலும் எழுதியிருப்பதுதான். நான் சொல்ல வந்தது வேறு.

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 வண்டிக்கு நிற்கிறோம். சென்னையிலிருந்து வந்த நீலகிரி எக்ஸ்பிரஸ் இறக்கிவிட்ட கூட்டமும் இருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 326 மீட்டர்தான், புழுக்கம் எங்கள் ஊருக்குச் சளைத்ததல்ல. முதன்முறை வருகிறவர்கள் எஞ்சினைத் தேடி வண்டியின் முன்பக்கம் ஓடுவார்கள். அங்கே எஞ்சின் இருக்காது. பள்ளத்துப் பக்கம், வண்டியின் வாலில் நின்று, அது பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும். ஏதாவது கழன்றுகொண்டால் பெட்டிகள் உருண்டு வந்து எஞ்சின்மேல்தான் சாயும், தனியாகப் பள்ளத்தில் ஓடிவிடாது. அதனால் டிரைவருக்கு எதிரே இருக்கும் பாதை தெரியாது. முன்பெட்டியின் திண்ணை மாதிரியான இடத்தில் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்கிறார். ஒவ்வொரு பெட்டிக்கும் இப்படி ஒருவர் உண்டு. அவர் கைக்கெட்டும் இடத்தில் இரண்டு பிரேக்: ஒன்று சக்கரத்துக்கு, இன்னொன்று பல்தண்டவாளத்தில் உருளும் பற்சக்கரத்துக்கு. முன்னால் பச்சைக்கொடி அசைந்தால் அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று கொடி கைமாறி எஞ்சினுக்குப் போய்ச் சேரும். எஞ்சின் விசிலால் பதில் சொல்லும். இறங்கும்போது ஒரு விசிலுக்கு எல்லோரும் ஒன்றாகப் பிரேக்கைத் திருகுவதைக் கவனியுங்கள். பெட்டிக்கு ஒருவராக இருந்தாலும் ஒரே கைபோல வேலை நடக்கும்.

பவானி ஆற்றைக் கடந்து பாக்குத் தோப்புகளுக்குள் போனால் கல்லார். பயணிகள் ஏறி இறங்கும் நிலையமாக இது இப்போது இல்லை. ஆனால் இந்த ரயிலின் தலைவாசல் இதுதான். பிளாட்பாரம் முடிந்து சற்றுத் தள்ளிப் பல்தண்டவாளம் தொடங்குகிறது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில், கொஞ்சம் உயரத்தில், பல் வெட்டிய இரண்டு இரும்புச் சட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். உற்றுப் பார்த்தால் ஒரு சட்டத்தின் பல்லுக்கு நேரே மறு சட்டத்தில் பள்ளம் இருக்கும். எஞ்சினின் பற்சக்கரம் எந்த நொடியிலும் ஒரு பல்லையாவது முழுதாகப் பற்றியிருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. ரோமன் ஆப்ட் என்ற ஸ்விஸ் பொறியாளரின் யோசனை இது. இந்தியாவில் இப்படி ஓடும் பாதை இது ஒன்றுதான்.

அந்தத் தொடக்கத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல்லும் பல்லும் முதன்முதலாகச் சந்திக்கும் இடத்தில் சட்டம் கெட்டியாகப் பொருத்தப்பட்டிருப்பதில்லை. கீழே ஸ்பிரிங் உண்டு. சக்கரத்தின் பல் இடம் தவறி வந்தால் சட்டம் அமுங்கிக்கொடுத்து, அடுத்த பல்லில் சரியாக உட்கார வைக்கும். வண்டி நடைவேகத்துக்குக் குறைந்து, பெட்டிக்கு அடியில் 'கடக்' என்று ஒரு பிடி விழும். அதன் பிறகு 12.5 அடிக்கு ஓர் அடி உயரும் பாதை. குலுக்கல் மாறிவிடும், சத்தம் மாறிவிடும், வேகம் மணிக்கு 13 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். மலை ரயிலில் எனக்கு மிகப் பிடித்த சத்தம் எது என்று கேட்டால் கல்லாரின் அந்த 'கடக்'கைத்தான் சொல்வேன்.

அடர்லியில் முதல் தண்ணீர். ஹில்குரோவில் இன்னொரு தண்ணீர், நிறுத்தமும் நீளம். பயணிகள் போண்டாவுக்கும் டீக்கும் போவார்கள். குரங்குகள் பயணிகளிடம் வரும். நீங்கள் எஞ்சின் பக்கம் போங்கள்.

ஃபயர்மேன் தொட்டியின் மேலேறி மூடியைத் திறந்து, தண்ணீர்க் குழாயை உள்ளே விடுவார். மலையிலிருந்து வரும் தண்ணீர் தடதடவென்று விழும். வெயிலும் வறட்சியுமே சொத்தான கரிசல்காட்டில் பிறந்து, குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற கண்ணுக்கு, ஓர் எஞ்சின் இவ்வளவு தண்ணீரை அலட்சியமாகக் குடிப்பது ஆச்சரியம்தான். தொட்டி நிரம்பி வழிந்து, சூடான இரும்பில் பட்டு, சுருக்கென்று ஆவியாகும். அதே நேரத்தில் கீழே டிரைவர் எண்ணெய்க் கேனோடு சுற்றி வருவார். கேனின் மூக்கு நீளமானது. ஒவ்வொரு மூட்டிலும் அதை நுழைத்து நாலு சொட்டு விடுவார். விடுமுன் புறங்கையை அந்த இரும்பின்மேல் வைத்துப் பார்ப்பார். எந்த மூட்டு எவ்வளவு சுட வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரியும். மீட்டர் எதுவும் சொல்லாத செய்தி அது. எங்கள் ஊர் வெடி ஆபீஸ்களில், அதாவது பட்டாசு ஆலைகளில், மருந்து கலக்கும் மூத்த ஆட்கள் காற்றின் ஈரத்தைத் தோலில் உணர்ந்து சொல்வார்கள். அந்த வித்தையின் சாதி இது.

எஞ்சினின் பக்கவாட்டைப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர்கள். சமதளத்தில் ஒரு ஜோடிதான் வேலை செய்யும். பல்தண்டவாளத்தில் ஏறியதும், அந்த ஜோடி பயன்படுத்தி விட்ட ஆவியை வீணாக வெளியே விடாமல் அடுத்த ஜோடிக்குத் திருப்பிவிடுகிறார்கள். அது பற்சக்கரத்தைச் சுழற்றும். ஒரே ஆவி இரண்டு முறை உழைக்கிறது. அதனால் மலையேறும்போது இருமடங்கு தண்டுகள் ஆடுவதைப் பார்க்கலாம். ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்து எஸ்எல்எம் ஆலைதான் 1914 முதல் 1925 வரை இந்த 'எக்ஸ்' வகை எஞ்சின்களை அனுப்பியது. 1950-களின் தொடக்கத்தில் இன்னும் சில வந்தன. அதற்குமேல் வாங்க ஆளில்லை, செய்யவும் ஆளில்லை. 2011 தொடங்கி நம்முடைய திருச்சி பொன்மலைப் பணிமனை புதிய எஞ்சின்களையே செய்து கொடுத்தது. முதலில் பர்னஸ் ஆயிலில் ஓடுபவை, 2021-ல் நிலக்கரியில் ஓடும் ஒன்று. ஸ்விஸ்காரர்கள் நூறாண்டுக்கு முன் வரைந்ததைத் திருச்சித் தொழிலாளிகள் வார்த்து, கடைந்து, பொருத்தி ஓடவிட்டார்கள். இந்த ரயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிப்போவது எனக்கு வருத்தம். என் கணக்கில் பாதை போட்டதற்குச் சமமான சாதனை இது.

வியட்நாமில் தா லாட் மலைக்கும் இதேபோல ஒரு பல்தண்டவாளப் பாதை இருந்தது. எஞ்சின்களும் பெரும்பாலும் ஸ்விஸ் எஞ்சின்கள்தான். போரில் அது நின்றுபோனது. துருப்பிடித்துக் கிடந்த எஞ்சின்களை 1990-ல் ஸ்விட்சர்லாந்தின் ஃபுர்கா மலை ரயில் ஆர்வலர்கள் வாங்கித் தாயகத்துக்கே கொண்டுபோய் ஓட்டுகிறார்கள். பிரிட்டனில் 1951-ல் டாலிலின் ரயிலைத் தன்னார்வலர்கள் கையில் எடுத்ததிலிருந்து எத்தனையோ பழைய பாதைகள் பிழைத்திருக்கின்றன. அங்கே ஒவ்வொரு நிலையத்துக்கும் வண்ணம் பூச, பூந்தொட்டி வைக்க, பழைய விளக்கைத் துடைக்க ஆட்கள் இருக்கிறார்கள். நம் ரயில் அப்படிப்பட்டதல்ல. அரசாங்க ரயிலாகவே ஓடி, அரசாங்க ஊழியர்களாலேயே காப்பாற்றப்பட்டு, வேலைக்குப் போகிறவர்களையும் சுமந்துகொண்டு பிழைத்திருக்கிறது. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் எஞ்சினுக்குக் கிடைத்த அன்பு நிலையங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ரன்னிமேட்டில் தண்ணீருக்காக இன்னும் வண்டி நிற்கிறது. ஓடைச் சத்தம், தேயிலை வாசனை, ஓட்டுக் கட்டடம், குளிர் முதன்முதலாகத் தோளில் கை வைக்கும் இடம். அடுத்த காட்டேரியில் நிற்பதில்லை. கட்டடம் ஜன்னலில் வந்து போய்விடும். காட்டேரியை நான் தாண்டிவிட மாட்டேன். அந்தப் பெயரைத் தாங்கிய அருவியின் தண்ணீரில் எடுத்த மின்சாரம்தான் மேலே அருவங்காட்டு வெடிமருந்து ஆலையை ஓட்டியது. இந்த மலையின் தண்ணீர் கீழே எஞ்சினுக்கு ஆவியும் மேலே ஆலைக்கு மின்சாரமும் ஆகியிருக்கிறது. இதைச் சொல்ல ஒரு பலகையாவது அந்த நிலையத்தில் வைக்கலாம். நிற்காத நிலையம் என்பதற்காக ஓடு சரியக் கூடாது. யுனெஸ்கோ அறிவித்தது எஞ்சினை மட்டுமல்ல, பாதை முழுவதையும்.

குன்னூர் பெரிய நிலையம். பல்தண்டவாளம் இங்கே முடிகிறது. லோகோ ஷெட் இங்கேதான். நீராவி எஞ்சின் இளைப்பாறப் போக, டீசல் வந்து பிடித்துக்கொள்ளும். வண்டி வந்த வழியே கொஞ்ச தூரம் பின்வாங்கி, பிறகுதான் ஊட்டிப் பாதையில் திரும்பும். இடம் கிடைக்காத மலையில் நிலையத்தைச் செருகிய விதம் அது. ரசிக்க நேரம் வேண்டுமென்றால் குன்னூரில் ஒரு நாள் தங்கலாம். ஷெட்டுக்கு வெளியே நின்றாலே காலையில் எஞ்சினைச் சூடேற்றுவது தெரியும். குளிர்ந்த இரும்பு மெல்ல மெல்ல முனக ஆரம்பிக்கும்.

மேலே உள்ள நிலையங்கள் வேறு ஜாதி. இவை ஆட்களுக்காக வந்தவை. வெலிங்டன் ராணுவத்துக்காக: மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் அங்கேதான். அருவங்காடு ஆலைக்காக. இங்கே வந்தால் சிவகாசிக்காரன் சும்மா இருக்க மாட்டான். 1900-களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் கார்டைட் ஆலையை இந்தக் குளிர்மலையில் வைத்தார்கள். நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் சேர்ந்து கஞ்சி பிழிவது போலக் கயிறாக வரும் பொருள் அது. புகை கக்காமல் எரிந்து குண்டைத் தள்ளும், துப்பாக்கிக்காரனை எதிரிக்குக் காட்டிக்கொடுக்காது. எங்கள் தொழில் நேரெதிர். வறண்ட காற்றைத் தேடி வந்தது, புகையும் ஒளியும் சத்தமும் எல்லோருக்கும் தெரிவதற்காகவே செய்வது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியத்தூள், கரி என்று எங்கள் பொருட்களும் வேறு. இருந்தாலும் மதில் ஓரமாக வண்டி போகும்போது, உள்ளே வேலை செய்கிறவர்களின் கவனம் எப்படிப்பட்டதாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். தீப்பொறிக்குப் பயந்து செருப்பில் ஆணிகூட வைக்காத ஊர்க்காரர்கள் நாங்கள். ரயிலில் பட்டாசு கொண்டுபோகக் கூடாது என்ற அறிவிப்பைப் படித்தே வளர்ந்தவர்கள். விபத்தில் ஆட்களை இழந்த வீடுகள் எங்கள் தெருக்களில் உண்டு. அப்படிப்பட்ட கண்ணோடு கீழே எஞ்சினின் அடுப்பைப் பார்த்துவிட்டு மேலே இந்த மதிலைப் பார்ப்பது வேறு அனுபவம். அங்கே நெருப்பைக் கூண்டில் அடைத்து வேலை வாங்குகிறார்கள். இங்கே நெருப்பு நெருங்கவே கூடாது. இரண்டும் ஒரே தண்டவாளத்தின் மேல்.

கேத்திக்குப் போனால் பேச்சு குறைந்துவிடும். பள்ளத்தாக்கு விரிந்து கிடக்க, அதன் ஓரத்தில் அடக்கமான நிலையம். 'மூன்றாம் பிறை' படத்தின் கடைசிக் காட்சியில் கமல்ஹாசன் மழைச் சேற்றில் புரண்டு, குட்டிக்கரணம் போட்டு, கிளம்பிப்போகும் வண்டியில் இருக்கும் ஸ்ரீதேவிக்குத் தன்னை நினைவுபடுத்தப் பார்ப்பாரே, அது இந்த நிலையம். 1982-ல் வந்த படம். இன்றைக்கும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே இறங்கிப் பிளாட்பாரத்தின் தூணைத் தொட்டுப் பார்க்கின்றன. டேவிட் லீன் 'எ பாசேஜ் டு இந்தியா'வுக்காகக் கீழே காட்டுப் பகுதி நிலையங்களில் படம் எடுத்துப் போனார். அதைத் தேடி வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கேத்திக்குக் கிடைக்கும் பாசம் வேறு.

லவ்டேல் இந்தப் பாதையின் உச்சி. 1858-ல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளி பக்கத்தில். ஊட்டி இதைவிடத் தாழ்வு. ஏறிக்கொண்டே வந்த வண்டி இங்கிருந்து இறங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. அடுத்த ஃபர்ன்ஹில் மூடிக்கிடக்கிறது. ஊட்டி நிலையத்தைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. அங்கே எல்லோரும் இறங்கி ஏரிக்கும் தாவரவியல் பூங்காவுக்கும் ஆட்டோ பிடிக்கிறார்கள்.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்தாக வேண்டும். நடுக்காட்டு நிலையங்களில் தங்க முடியாது, வண்டி நிற்கும் சில நிமிடம்தான், அதை டீக்கடையில் செலவழிக்காதீர்கள். குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் பகலில் வேறு வண்டிகளும் உண்டு. கேத்தியிலோ லவ்டேலிலோ இறங்கி, அடுத்த வண்டி வரும்வரை பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்கலாம். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. தீபாவளி முடிந்து வெடி ஆபீஸ்களுக்கு விடுமுறை விடும் நாட்கள்தான் குடும்பத்தோடு கிளம்பத் தோதானவை. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவே மண் சரிந்து பாதை அடிக்கடி மூடுவதும் அதே நாட்களில்தான். விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். முடிந்தால் பொங்கல் கழிந்து போங்கள். தண்டவாளம் காய்ந்திருக்கும், ஓடைகளில் தண்ணீரும் குறைந்திருக்காது.